வகை கேட்கும் நிரல்

கணக்கை நகலெடுத்துப் பத்திரப்படுத்தும் நிரலை எழுத உட்காருகிறவருக்கு முதல் கேள்வி, நகலை எங்கே வைப்பது என்பதுதான். தொண்ணூறுகளில் தூத்துக்குடிச் சீமையில் கணினி நுழைந்த இடங்களை நினைத்துப் பார்க்கலாம்: உப்பு வியாபாரியின் கிட்டங்கி, துறைமுகத்தை நம்பிய சரக்கு முகவர் அலுவலகம், சாயர்புரம் மாதிரி ஊர்களின் பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம். அதுவரை பேரேட்டில் இருந்த கணக்கு ஒரு தட்டுக்குள் போனது. அந்தத் தட்டு பெட்டிக்குள் திருகி மாட்டியதா, சாயங்காலம் யாரோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதா, எழுத இடம் தராத சிடியா, அடுத்த அறையில் இருக்கும் வேறொரு கணினியின் தட்டா? பார்க்கிற மனிதருக்கு இது உடனே தெரியும். நிரலுக்குத் தெரிவது ஓர் எழுத்து மட்டும்: ஏ, பி, சி, டி.

இந்த எழுத்துக்குப் பின்னால் எந்த வகைத் தட்டு இருக்கிறது என்று டாஸிலும் பழைய விண்டோஸிலும் கண்டறிவது பத்து வரி வேலை. பாடப்புத்தகங்கள் அதை ஒரு பக்கத்தில் முடித்துவிடும். ஆனால் ஒரு பொருளை இன்ன வகை என்று சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி அந்தப் பத்து வரிக்குள் முழுசாக இருக்கிறது. நிரல் எழுதும் இளைஞர்கள் அந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று விரும்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எழுத்தைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. இருந்தது பிளாப்பிதான், ஏயும் பியும் அதற்குப் போயின. 1983இல் எக்ஸ்டி என்ற அடுத்த கணினி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது மூன்றாவது எழுத்து அதற்குக் கிடைத்தது. இன்றைக்கும் புதுக் கணினியில் சி என்ற எழுத்திலிருந்து கணக்குத் தொடங்குவதற்கு இதுதான் காரணம். இதில் அப்போதே ஒரு சிக்கல் இருந்தது. ஒரே பிளாப்பி டிரைவ் உள்ள கணினியிலும் டாஸ் பி என்ற எழுத்தை விட்டுக்கொடுக்காது. பியைக் கேட்டால், பி டிரைவுக்குரிய பிளாப்பியைச் செருகிவிட்டு ஒரு விசையை அழுத்தச் சொல்லும். பொருள் ஒன்று, பெயர் இரண்டு. ஏயிலிருந்து பிக்கு நகலெடுத்தால் இரண்டு பிரதி ஆயிற்று என்று நம்பிய நிரல், பிளாப்பியை மாற்ற மறந்த ஒருவரின் கையில் ஒரே பிரதியின் மேலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1984இல் வெளிவந்த டாஸ் 3.0 அதற்கு ஒரு வழியைத் தந்தது: நிரல் டாஸை அழைக்கும் வாசலான இன்டரப்ட் 21, செயல் 44, அதன் உட்பிரிவு 08 (இவை ஹெக்ஸ் எண்கள்). டிரைவின் எண்ணைக் கொடுத்து அழைத்தால் 0 என்று பதில் வந்தால் தட்டைக் கழற்றலாம். 1 என்றால் கழற்ற முடியாது. அப்படி ஒரு டிரைவே இல்லையென்றால் பிழை எண் 15. அடுத்து வந்த 3.1 பதிப்பு, உட்பிரிவு 09ஐச் சேர்த்தது. தட்டு இந்தக் கணினியுடையதா, வலையின் மறுமுனையில் இருக்கும் கணினியுடையதா என்பதை அது சொல்லும். இந்த எண்கள் எல்லாம் எளிதில் கிடைத்துவிடவில்லை. ரால்ஃப் பிரவுன் என்பவர், உலகெங்கிலுமிருந்து நிரலாளர்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்து, இன்டரப்ட் பட்டியல் என்று இலவசமாகக் கொடுத்துவந்தார். கணினிக் கம்பெனிகள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த விஷயங்கள்கூட அதில் உண்டு. ஒருவர் கேட்டுப் பெற்ற பதிலை மற்றவருக்கும் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு அந்தப் பட்டியலைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

டாஸுக்கு முன்பே, கணினி தன் தட்டை அறிந்தாக வேண்டிய இன்னொரு இடம் இருக்கிறது. மின்சாரத்தைப் போட்டதும் விழிக்கும் பயாஸ், ஹார்ட் டிஸ்க் எந்த வகை என்று தெரியாமல் ஓர் எழுத்தைக்கூட அதிலிருந்து வாசிக்க முடியாது. அந்தக் காலத்துக் கணினிகளில் இதற்கு ஓர் அட்டவணை இருந்தது. வகை 1, வகை 2 என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், ஒரு தடத்தில் எத்தனை செக்டர் என்று குறித்திருக்கும். சீகேட் எஸ்டி-225 என்ற பழைய தட்டை எடுத்துக்கொள்வோம். 615 சிலிண்டர், 4 ஹெட், 17 செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 2,14,11,840 பைட். இருபது எம்பி தட்டு என்று நாம் சொன்னது இதைத்தான். அட்டவணையில் இல்லாத தட்டு வந்தால் கடைசியில் இருக்கும் வகை 47ஐத் தேர்ந்து, தட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து எண்களை நாமே அடிக்க வேண்டும்.

இந்த எண்களை நினைவில் வைத்திருப்பது சிமாஸ் என்ற சின்னச் சில்லு. அதற்கு உயிர், தாய்ப்பலகையில் உள்ள ஒரு பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் கணினி தன் தட்டின் வகையை மறந்துபோகும். உப்புக்காற்றில் செம்பு சீக்கிரம் பச்சை பிடிக்கிற இந்தக் கரையில், மின்சாரம் போய்ப்போய் வந்த அந்த வருஷங்களில், ஒரு காலையில் திரையில் தட்டைக் காணோம் என்ற செய்தி வருவது எத்தனையோ அலுவலகங்கள் கண்ட அனுபவம். கணக்கு முழுக்க அழிந்துவிட்டது என்று பதறுவார்கள். ஒரு பைட்கூட அழிந்திருக்காது. 615, 4, 17 என்ற மூன்று எண்களைத் திரும்ப அடித்தால் ஐந்து வருஷக் கணக்கும் அப்படியே எழுந்து வரும். ஹெட் எண்ணிக்கையில் ஒன்று தவறினாலும் வராது. தகவல் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. அதை வாசிக்கும் வழி மட்டும் தொலைந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கணினிப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போவார்கள்.

பிறகு வந்த ஐடிஇ தட்டுகள் இந்தச் சுமையைக் குறைத்தன. நீ யார் என்று கேட்கும் ஒரு கட்டளை அவற்றுக்கு உண்டு. கேட்டால், தட்டே 512 பைட் நீளத்துக்குத் தன் பெயர், வரிசை எண், அளவு எல்லாவற்றையும் ஒப்பிக்கும். அதே கம்பியில் மாட்டிய சிடி டிரைவிடம் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் அது மறுத்துவிடும். மறுக்கும்போது தன் பதிவேடுகள் இரண்டில் ஹெக்ஸ் 14, ஈபி என்ற இரண்டு அடையாள எண்களை விட்டுவைக்கும். அதைப் பார்த்து, இது வேறு சாதி, வேறு கட்டளையால் கேட்க வேண்டும் என்று நிரல் புரிந்துகொள்ளும். மறுப்பும் ஒரு பதில்தான் என்று வடிவமைத்தவர்களின் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிடியின் கதை இதைவிட ஆழமானது. டாஸுக்கு ஃபேட் என்ற கோப்பு முறை ஒன்றுதான் தெரியும். எண்பதுகளின் பிற்பாதியில் சிடி வந்தபோது டாஸ் 32 எம்பிக்கு மேல் ஒரே பிரிவாகக் கையாள முடியாத நிலையில் இருந்தது. சிடியோ 600 எம்பிக்கு மேல். கோப்பு முறையும் வேறு. டாஸின் அடித்தளத்தை இடித்துக் கட்ட முடியாது. மைக்ரோசாஃப்ட் ஒரு சந்துவழி கண்டது. வலையில் உள்ள தட்டுகள் எந்தக் கோப்பு முறையில் இருந்தாலும் டாஸ் கவலைப்படுவதில்லை. அந்தக் கோரிக்கைகளை வெளியே தள்ளிவிடும். அந்த வாசலில் எம்எஸ்சிடெக்ஸ் என்ற நிரலை உட்கார வைத்து, சிடியை ஒரு வலைத்தட்டு போல டாஸிடம் காட்டினார்கள்.

இதன் விளைவு, மேசை மேல் கை எட்டும் தூரத்தில் சுழலும் சிடியைப் பற்றிக் கேட்டால், அது தொலைவில் இருக்கிறது என்று டாஸ் சொன்னது. விண்டோஸ் 3.1இன் கெட்டிரைவ்டைப் என்ற செயலும் அதையே திருப்பிச் சொன்னது: 4, அதாவது வலைத்தட்டு. அந்த அமைப்புக்குள் நின்று பார்த்தால் அந்தப் பதில் சரியானது. கோரிக்கை போகிற வழி உண்மையில் வலைத்தட்டின் வழிதான். சிடியா என்று அறிய வேண்டியவர் வேறொருவரைக் கேட்க வேண்டியிருந்தது: இன்டரப்ட் 2எஃப், செயல் 15, உட்பிரிவு 00. எத்தனை சிடி டிரைவ், முதல் டிரைவின் எழுத்து எது என்று எம்எஸ்சிடெக்ஸ் நேரடியாகச் சொல்லும். ஒரே பொருளைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், இரண்டும் உண்மை. யாரிடம் எதற்காகக் கேட்கிறோம் என்பது பதிலின் பாதி.

விண்டோஸ் 95 வந்தபிறகு நிலைமை தெளிந்தது. கெட்டிரைவ்டைப் தரும் பதில்கள் ஏழு: 0 என்றால் தெரியவில்லை, 1 என்றால் அந்தப் பாதை செல்லாது, 2 கழற்றக்கூடியது, 3 நிலையானது, 4 வலைத்தட்டு, 5 சிடி, 6 நினைவகத்தில் உருவாக்கிய தட்டு. எந்தெந்த எழுத்து இருக்கிறது என்று அறிய இன்னொரு செயல். அது ஒரே எண்ணைத் தரும். அதை இரும எண்ணாகப் பிரித்துப் படிக்க வேண்டும். ஏக்கு 1, பிக்கு 2, சிக்கு 4, டிக்கு 8. பதில் 13 என்று வந்தால் 8, 4, 1 என்று பிரியும். டி, சி, ஏ இருக்கின்றன, பி இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் முக்காற்புள்ளியும் பின்சாய்கோடும் சேர்த்து வகையைக் கேட்டால் ஏக்கு 2, சிக்கு 3, டிக்கு 5. பின்சாய்கோட்டை விட்டுவிட்டால் பதிலை நம்ப முடியாது. இவ்வளவுதான் நிரல்.

இதில் ஒரு நாசூக்கு இருக்கிறது. வகையைக் கேட்கும்போது விண்டோஸ் தட்டைத் தொடுவதில்லை. டிரைவைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. தட்டின் பெயரையோ காலி இடத்தையோ கேட்டால் உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும். பிளாப்பி இல்லாத ஏ டிரைவில் அப்படிக் கேட்டால் விளக்கு எரியும், மோட்டார் கரகரக்கும், பிளாப்பியைச் செருகு என்று ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கும். கணினியைப் புதிதாகப் பார்க்கும் எழுத்தர் தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று கையை எடுத்துவிடுவார். நல்ல நிரலாளர் முதலில் வகையைக் கேட்பார். 2 என்றோ 5 என்றோ வந்தால், உபயோகிப்பவர் சொல்லும் வரை உள்ளே போய்ப் பார்க்க மாட்டார். அப்படியே பார்க்க வேண்டியிருந்தாலும் அந்தப் பெட்டி வராதபடி பிழையைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை முன்பே செய்திருப்பார். முகம் தெரியாத ஒருவர் பயப்படக் கூடாது என்பதற்காக எழுதப்படும் இந்த வரிகளில்தான் நிரல் எழுதுவதன் அறம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வகைப்படுத்துவதில் இந்தக் கரைக்குப் பழைய அனுபவம் உண்டு. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். வரிசையாகப் பத்து; முதலாவதில் 20 துளை, கடைசியில் 1000 துளை. எதில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் அளவு. அதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம். சலித்து முடிந்தபிறகுதான் மதிப்பீட்டுக்காரரின் வேலை தொடங்கும். உருட்சியும் ஒளியும் நிறமும் பார்த்து எது ஆணிமுத்து என்று பிரிப்பது அவருடைய கண். சல்லடை சொன்னது எதுவும் பொய்யில்லை. துளைக்கு எட்டாததை அதனிடம் கேட்கக் கூடாது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. விண்டோஸின் ஏழு எண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பத்துச் சல்லடைகள் நினைவுக்கு வருகின்றன. எண் வந்தவுடன் அறிந்துவிட்டோம் என்று நிற்பவர், சலித்ததோடு விலை சொல்லிவிடுகிறார்.

அப்படி எண்ணோடு நின்றவர்களுக்கு 2000க்குப் பிறகு சோதனை வந்தது. யுஎஸ்பியில் மாட்டும் பென் டிரைவும் கையடக்க ஹார்ட் டிஸ்க்கும் கடைவீதிக்கு வந்தன. இரண்டையும் பிடுங்கிப் பையில் போடலாம். விண்டோஸிடம் கேட்டால் பென் டிரைவுக்கு 2 என்றும் ஹார்ட் டிஸ்க்குக்கு 3 என்றும் சொல்லும். கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறும் பொருள் நிலையானதாம். காரணம், கழற்றக்கூடியது என்ற வகை பிளாப்பிக் காலத்தில் பிறந்தது. டிரைவ் அங்கேயே இருக்க, உள்ளிருக்கும் தட்டை மட்டும் மாற்ற முடியுமா என்பதே அந்தக் கேள்வி. யுஎஸ்பிப் பொருள் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் தகவலில் இதற்கென ஒரு பிட் இருக்கிறது. பெரும்பாலான பென் டிரைவ் தயாரிப்பாளர்கள் அதில் 1 போட்டார்கள், ஹார்ட் டிஸ்க் தயாரிப்பாளர்கள் 0 போட்டார்கள். பொருளே பிடுங்கப்படுமா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. அதை அறிய விண்டோஸ் 2000 முதல் வேறு கேள்வி உண்டு: நீ எந்தக் கம்பி வழியாக வந்திருக்கிறாய் என்று சேமிப்புச் சாதனத்தை நேரடியாக விசாரிக்கலாம். பதில் 7 என்றால் யுஎஸ்பி. இந்த இரண்டாம் கேள்வியைக் கேட்ட நிரல், மறுநாள் காணாமல்போகும் தட்டில் ஒரே பிரதியை வைக்காமல் தப்பித்தது.

வகை தவறினால் என்ன ஆகும் என்பதை ஜெராக்ஸ் கடைகளும் பிரவுசிங் சென்டர்களும் அனுபவித்தன. சிடியைப் போட்டதும் தானாக ஓடும் ஆட்டோரன் வசதி விண்டோஸ் 95இல் வந்தது. சிடியில் யாரும் எழுத முடியாது என்பதால் அதில் உள்ளதை நம்பலாம் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. எந்த வகைத் தட்டில் ஓடக் கூடாது என்று சொல்ல ஓர் எண்ணை வைத்தார்கள். வகை எண்கள் அதில் பிட்களாக நிற்கும். விண்டோஸ் 2000இல் அது 149: அதாவது 128, 16, 4, 1. வலைத்தட்டும் கழற்றக்கூடிய தட்டும் அறியாத வகையும் தடை. எக்ஸ்பியில் 145, அந்த 4 விழுந்துவிட்டது, பென் டிரைவுக்கு வழி திறந்தது. 2008இன் இறுதியில் உலகமெங்கும் பரவிய கான்ஃபிக்கர் புழு பயன்படுத்திக்கொண்ட வழிகளில் இதுவும் ஒன்று. கல்லூரி மாணவர் புராஜெக்ட் அச்செடுக்கக் கடைக்குக் கொண்டுபோன பென் டிரைவ் புழுவோடு திரும்பி வந்தது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அந்த வழியை அடைத்தது. இதற்கிடையில் யு3 என்ற வகைப் பென் டிரைவ்கள் தம்மில் ஒரு பகுதியைச் சிடி என்றே அறிவித்துக்கொண்டன. கேட்டால் 5 என்று பதில் வந்தது. எண்ணைக் காட்டி நம்பிக்கையைப் பெறலாம் என்று ஆனபிறகு, எண் எதைக் காக்கும்?

அந்த 149இல் எனக்குப் பிடித்தது 128 என்ற பிட். இன்னும் பிறக்காத வகைகளுக்காக ஒதுக்கிய இடம் அது. கெட்டிரைவ்டைப் பட்டியலில் 0 தெரியவில்லை என்பதற்கு, இந்தப் பட்டியலில் 128 இனி வரப்போவதற்கு. தன் அறிவுக்கு வெளியே ஒன்று உண்டு என்பதற்கு ஓர் எண்ணைக் கொடுத்து வைப்பது பண்பட்ட சிந்தனை. மனிதரை வகைப்படுத்தும் நம் படிவங்கள் பலவற்றில் அந்தக் கட்டம் இல்லை.

2011 முதல் தமிழ்நாட்டு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் வழியாக இலவச மடிக்கணினி கொடுத்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சாயர்புரத்து மாணவி ஒருத்தி அதை ஒரு வழியில் திறந்தால் சி, டி என்று பார்ப்பாள். மறு வழியில் திறந்தால் எஸ்டிஏ1, எஸ்டிஏ5 என்பது போன்ற பெயர்கள். லினக்ஸில் எழுத்து கிடையாது. சிஸ் என்ற அடைவுக்குள் ஒவ்வொரு தட்டின் பெயரிலும் ரிமூவபிள் என்று ஒரு கோப்பு இருக்கும். திறந்தால் 0 அல்லது 1. 1984இல் டாஸ் கேட்ட அதே கேள்வி, விடைதான் தலைகீழ்: இங்கே 1 என்றால் கழற்றலாம். ஒரே மடியில் இரண்டு அமைப்புகளையும் வைத்து ஒரே தட்டைப் பார்க்கும் வாய்ப்பு அந்த மாணவர்களுக்குக் கிடைத்தது. வகை தட்டில் எழுதியிருப்பதில்லை, பார்க்கிற அமைப்பின் கேள்வியில் இருக்கிறது என்பதை வகுப்பறையில் காட்ட இதைவிட நல்ல சாதனம் வேண்டாம். போப் கல்லூரி இருக்கிற அதே ஊரில் இந்தப் பாடத்தை யாராவது அப்படி நடத்த வேண்டும் என்பது என் ஆசை.

கல்லூரிக்குப் பெயர் தந்த ஜி.யு. போப் 1840களில் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் அச்சாயிற்று. அந்தப் பிரதி கிடைத்தவருக்கு அதை வாசிக்கக் கண் போதும். தொண்ணூறுகளில் இந்தப் பகுதியில் தட்டச்சான சபை வரலாறுகளும் ஊர்ச் சங்கங்களின் கணக்கும் கல்யாணப் பத்திரிகைகளும் பிளாப்பியிலும் சிடியிலும் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றை எடுக்கிறவர் அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும்: எந்த டிரைவ், எந்தக் கொள்ளளவு, எந்தக் கோப்பு முறை, யூனிக்கோடுக்கு முந்தைய எந்த எழுத்துரு. ஓர் அடுக்கில் விடை இல்லையென்றாலும் அடுத்ததற்குப் போக முடியாது. பழையதைக் காப்பாற்றும் பேச்சு வரும்போதெல்லாம் நாம் உள்ளடக்கத்தைப் பற்றியே கவலைப்படுகிறோம். வகையைப் பற்றிய தகவல் போய்விட்டால் உள்ளடக்கம் இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதை அந்த 615, 4, 17 எப்போதோ சொல்லிவிட்டது.

ஆகவே நூலகங்களுக்கும் சபை அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய தட்டுகளை நகலெடுக்கும்போது, நகலோடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பும் ஒரு காகிதமும் சேர்த்து வையுங்கள். தட்டின் வகை, அது எந்தக் கணினியிலிருந்து வந்தது, எந்த அமைப்பு அதை என்னவென்று சொன்னது, எந்த நிரலில், எந்த எழுத்துருவில் எழுதியது, உறுதியாகத் தெரியாதது எது என்று எழுதுங்கள். தெரியாததற்கும் ஒரு வரி விடுங்கள். வகை 47க்கு எண் அடித்தவர்களும் எம்எஸ்சிடெக்ஸை அழைத்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள இது தக்க சமயம்.